சரளம் என்கிற ஏற்பாடு

உலாவியில் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறோம். மவுஸின் சக்கரத்தை ஒரு பல் நகர்த்துகிறோம், அல்லது ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறோம். எழுத்துக்கள் இருந்த இடத்திலிருந்து புதிய இடத்துக்குப் போயாக வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். பழைய இடத்தில் அழித்துப் புதிய இடத்தில் உடனே எழுதிவிடுவது ஒன்று. நடுவில் பத்துப் பதினைந்து இடைநிலைகளை வரைந்து காட்டி, பக்கம் மெல்ல வழுக்கிக்கொண்டு போய் நிற்பதுபோல் ஒரு தோற்றத்தை உண்டாக்குவது மற்றது. இந்த இரண்டாவதற்கு ஸ்மூத் ஸ்க்ரோலிங் என்று பெயர். நான் வழுக்கல் என்றே சொல்லப்போகிறேன். மென்மையான உருட்டல் என்றெல்லாம் மொழிபெயர்த்தால் ஏதோ பலகாரம் செய்கிற பக்குவம்போல் இருக்கிறது. இந்த வழுக்கலை வேண்டாம் என்று வாசகன் நிறுத்திவைக்க ஒரு வழி இருக்க வேண்டுமா, இருந்தால் அது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

கவிதைக்கும் விமர்சனத்துக்குமான பத்திரிகையில் இதை எழுதுவானேன் என்று கேட்கக்கூடியவர்கள் நம்மிலேயே உண்டு. வரிகளுக்கு நடுவே எவ்வளவு வெள்ளை விடுவது, ஒரு கவிதையைப் பக்கத்தின் அடியில் முறித்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோகலாமா கூடாதா என்பதற்கெல்லாம் அச்சுக்கோப்பவரோடு சண்டை போட்டவர்களின் வாரிசுகள் என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். இன்று நம் வாசிப்பின் பெரும்பகுதி திரையில் நடக்கிறது. அங்கே அச்சுக்கோப்பவர் யார், அவரோடு சண்டை போட என்ன வழி என்பது இலக்கியத்துக்குப் புறம்பான சமாசாரம் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிக்கிற கண் ஓடுவதில்லை. வரியின் மேல் ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போவதுமில்லை. அது தாவுகிறது, நிற்கிறது, மறுபடி தாவுகிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜாவல் 1879ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளிலிருந்து இது பேசப்பட்டு வருகிறது. அதற்குப் பிறகு எட்மண்ட் ஹியூயி என்ற அமெரிக்கர் செய்த காரியம் இன்று படித்தாலும் உடம்பு கூசுகிறது. படிப்பவரின் கண்ணை மருந்தால் மரக்கச் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் கிண்ணம் ஒன்றை ஒட்டவைத்து, அதில் அலுமினிய முள் ஒன்றைப் பொருத்தி, கண் போகிற போக்கைப் புகை படிந்த உருளையில் கோடாக எழுதவைத்தார். வாசிப்பின் மனோதத்துவம் பற்றிய அவருடைய புத்தகம் 1908ல் வந்தது. கோடு வழவழப்பாக இல்லை, படிக்கட்டுபோல் இருந்தது. பிற்காலத்து அளவுகள் இன்னும் துல்லியமானவை. ஆங்கிலம் படிக்கிற கண் ஏறத்தாழக் கால் வினாடி ஓரிடத்தில் நிற்கிறது. பிறகு ஏழெட்டு எழுத்துத் தூரம் தாவுகிறது. அந்தத் தாவலுக்கு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்தான் பிடிக்கிறது. தாவுகிறபோது கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் தெரிவதில்லை. நாம் வாசிப்பு என்று சொல்வது முழுக்க முழுக்க நிற்கிற கணங்களில் நடக்கிற ஒன்று. ஓட்டம் என்று நமக்குத் தோன்றுவது, நின்ற கணங்களை மனம் ஒட்டவைத்துக்கொண்டதால் உண்டான பிரமை.

உலாவியின் வழுக்கல் ஒரு தட்டலுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது? அதுவும் ஏறக்குறையக் கால் வினாடிதான். உலாவிக்கு உலாவி கொஞ்சம் கூடும், குறையும். ஆக, சக்கரத்தை ஒவ்வொரு முறை தொடும்போதும் கண் ஒரு நிற்றலைப் பறிகொடுக்கிறது. அந்தக் கால் வினாடியில் பக்கம் கிளம்பி, வேகம் எடுத்து, தணிந்து நிற்கிறது. நகர்கிற பொருளைக் கண் தானும் நகர்ந்து பின்தொடரும் - விட்டெறிந்த பந்தைத் தொடர்வதுபோல. ஆனால் பின்தொடர்வது வேறு, படிப்பது வேறு. அந்த நேரத்துக்கு வாசகன் வாசகனாக இல்லை, பார்வையாளன் ஆகிவிடுகிறான். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இதற்கு மறுப்பு உண்டு, அதுவும் வலுவான மறுப்பு. என் நண்பர் ஒருவர் - நல்ல வாசகர், மொழிபெயர்ப்பாளர் - வழுக்கலை நிறுத்தினால் தமக்குப் படிக்கவே முடியவில்லை என்கிறார். பக்கம் சட்டென்று தாவினால், தாம் விட்ட வரி எங்கே போயிற்று என்று தேடவேண்டியிருக்கிறது; வழுக்கினால் அந்த வரி போகிற பாதை தெரிகிறது, கண் கூடவே போய் இறங்குகிறது. இது உண்மை. புத்தகத்தில் பக்கம் திருப்புவதும் தாவல்தானே, அங்கே யாரும் தொலைந்துபோவதில்லையே என்று அவரிடம் வாதாடிப் பார்த்தேன். புத்தகத்தில் அடுத்த வரி எங்கே இருக்கும் என்பது நிச்சயம், இடப்பக்கத்தின் உச்சியில். திரையில் அப்படி ஒரு நிச்சயமான இடம் இல்லை என்றார். அவர் சொன்னதுதான் சரி. ரோமாபுரிச் சுருள் புத்தகங்களை ஏடுகளாக மடித்துத் தைத்த புத்தகம் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்கும் நான்காம் நூற்றாண்டுக்கும் இடையில் மெல்ல மெல்ல விரட்டியது. கணிப்பொறி மறுபடி சுருளுக்குப் போய்விட்டது. போன இடத்தில் சுருளின் பழைய உபத்திரவமும் கூடவே வந்துவிட்டது. நம் ஓலைச்சுவடியும் ஏடுதான், சுருள் அல்ல. ஏட்டைப் புரட்டினோம், இப்போது உருட்டுகிறோம். (இந்த இரண்டு சொல்லுக்குமே பொய், பித்தலாட்டம் என்ற அர்த்தம் தமிழில் எப்படி வந்து சேர்ந்தது என்று யாராவது எழுதலாம்.)

ஆகவே வழுக்கல் கெட்டது, தாவல் நல்லது என்பது என் கட்சி அல்ல. வழுக்கல் ஒரு அபிப்பிராயம் என்பதுதான் என் கட்சி. வாசகனை எப்படி நடத்த வேண்டும் என்பது பற்றிய அபிப்பிராயம் அது. அபிப்பிராயமாகத் தெரியாமல் இயற்கைபோல் வந்து நிற்கிறது.

1978ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் வி.டி.100 என்று ஒரு டெர்மினலைக் கொண்டுவந்தது. ஒரு விசைப்பலகை, ஒரு திரை. திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து. கணிப்பொறி வேறெங்கோ இருக்கும்; அது அனுப்புவதை இது காட்டும். அதிலேயே இந்த இரண்டு முறைகளும் இருந்தன. ஒன்றுக்கு ஜம்ப் என்று பெயர், மற்றதற்கு ஸ்மூத். ஜம்ப் முறையில் கணிப்பொறி அனுப்புகிற வேகத்திலேயே வரிகள் மேலேறிப் போகும். வேகம் கூடினால் ஒன்றும் படிக்க முடியாது. ஸ்மூத் முறையில் வினாடிக்கு ஆறு வரி என்ற நிதானத்தில், ஒரே சீராக ஏறும். ஏறுகிறபோதே படித்துக்கொண்டு போகலாம். ஆனால் கணிப்பொறி வேகமாக அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? 'பொறு' என்று டெர்மினல் அதற்கு ஒரு குறியை அனுப்பும். தயாரானதும் 'இனி அனுப்பு' என்று இன்னொரு குறி.

இந்தச் சிறிய ஏற்பாட்டை நினைத்து நினைத்து எனக்கு ஒரு மரியாதையே உண்டாகிவிட்டது. அங்கே வழுக்கல் அலங்காரம் அல்ல. வாசகனின் வேகத்துக்கு யந்திரத்தை அடங்கவைக்கிற காரியம் அது. அதையும் வேண்டாம் என்று சொல்பவனுக்கு விசைப்பலகையிலேயே செட்-அப் என்று ஒரு விசை இருந்தது. அதைத் தட்டினால் திரை ஒரு படிவம்போல் மாறும். அதில் ஒன்று, பூஜ்யம் என்று மாற்றிவைத்துக்கொள்ளலாம். படிக்கிறவன் யார், அவன் எதற்காகப் படிக்கிறான் என்பது டெர்மினலைச் செய்தவனுக்குத் தெரியாது. தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய வழுக்கல் யாரையும் அடங்கவைப்பதில்லை. பக்கம் முழுவதும் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. பொறு என்று சொல்வதற்கு எதிரே ஒருவருமில்லை. பொறுக்கவேண்டியவன் வாசகன் மட்டும்தான். பெயர் அதேதான், காரியம் தலைகீழாகிவிட்டது.

நம் பக்கத்துக்கு வருகிறேன். தமிழ் விமர்சனத்தில் - விமர்சனம் என்று அதைச் சொல்வதானால் - அதிகம் துஷ்பிரயோகம் செய்யப்பட்ட பாராட்டு 'சரளமான நடை' என்பது. எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது, அலுப்பே தெரியவில்லை. தொடர்கதைக்குச் சொல்லப்பட்ட இந்தப் பாராட்டு மெல்ல மெல்ல எல்லாவற்றுக்கும் அளவுகோலாயிற்று. 1959ல் 'எழுத்து' தொடங்கி அதில் வந்த புதுக்கவிதைகளைப் பார்த்துச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, வாசிக்க ஓட்டமில்லை, தட்டுகிறது, நிற்கிறது என்பது. தட்டட்டும், நிற்கட்டும், அதற்காகத்தான் வரி முறிக்கப்பட்டிருக்கிறது என்பது அதற்கு நாம் சொல்லி வந்த பதில். இவ்வளவும் சொன்னவர்கள், தாங்கள் படிக்கிற திரை தங்கள் கண்ணுக்கு அடியில் சரளத்தை ஒரு யந்திர விதியாகவே ஆக்கிவைத்திருப்பதைக் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கவிதையின் இரண்டு பத்திகளுக்கு நடுவே கவிஞன் விட்ட வெள்ளை, வழுக்கலில் வெறும் தூரமாகிவிடுகிறது. கடந்துபோக வேண்டிய தூரம். சட்டென்று தாவி நிற்கிற பக்கத்தில் அது மறுபடி இடமாகிறது.

நன்னூல் பாயிரத்தில் சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று நிற்கிற விதத்துக்குப் பவணந்தி நான்கு பெயர் சொல்கிறார். ஆறு ஓடுவதுபோல் என்பது ஒன்று. சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பதுபோல், தவளை இடைவெளி விட்டுத் தாவுவதுபோல், பருந்து ஒரே குறியில் விழுந்து எடுத்துப் போவதுபோல் என்பவை மற்ற மூன்று. ஆற்றொழுக்கு அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். அதுவே உயர்ந்தது என்றோ மற்ற மூன்றும் அதன் குறைபட்ட வடிவங்கள் என்றோ அவர் சொல்லவில்லை. எண்ணூறு வருஷத்துக்கு முந்திய இலக்கண ஆசிரியருக்கு இருந்த பெருந்தன்மை உலாவி செய்கிறவர்களுக்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமா என்று தெரியவில்லை.

இதுவரை சொன்னது ரசனை சம்பந்தப்பட்டது. ரசனையோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

எங்கள் கிளையில் மூத்த காசாளர் ஒருவர் இருந்தார். சென்ற வருஷம் ஓய்வு பெற்றார். கவிதை படிப்பவர், நம் பத்திரிகைக்கு விடாமல் சந்தா கட்டியவர்களில் ஒருவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு உள்காதில் ஏதோ கோளாறு வந்தது. தலைசுற்றல், வாந்தி. ஒரு மாதத்தில் நடமாட முடிந்தது, வண்டி ஓட்ட முடிந்தது. திரையில் பக்கம் நகர்வதை மட்டும் பார்க்க முடியவில்லை. அதே சமயத்தில்தான் எங்கள் வேலையெல்லாம் உலாவிக்குள் நடக்கிற ஒரு புதிய மென்பொருளுக்கு மாறியிருந்தது. வாடிக்கையாளரின் வரவுசெலவுப் பட்டியல் நீளநீளமாக வரும், வழுக்கும். அவர் பேஜ் டவுன் விசையைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, பிறகு கண்ணைத் திறப்பார். ஏதோ ஜபம் செய்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கேட்டபோது, "கப்பல்ல போற மாதிரி இருக்கு தம்பி, அது நின்னப்புறம் திறந்தா ஒண்ணுமில்லே" என்றார்.

உடம்பு இதை ஏன் இப்படி எடுத்துக்கொள்கிறது என்பது பெரிய ரகசியமல்ல. நின்றுகொண்டிருக்கிற ரயிலில் உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்புகிறது. நாம்தான் நகர்கிறோம் என்று ஒரு கணம் தோன்றுகிறது. கண் நகர்கிறோம் என்கிறது. உள்காதின் சமநிலை உறுப்புகள் இல்லை, இருந்த இடத்தில்தான் இருக்கிறோம் என்கின்றன. பெரும்பாலோருக்கு ஒரு கணத்தில் தகராறு தீர்ந்துவிடுகிறது. சிலருக்குத் தீர்வதில்லை. திரை பெரிதாக இருந்து, நகர்வது பார்வையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால் தகராறு முற்றுகிறது. 2013 செப்டம்பரில் ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 7ஐ வெளியிட்டபோது இது ஊரறிந்த விஷயமாயிற்று. அதில் செயலியைத் திறந்தாலும் மூடினாலும் திரை பெரிதாகிச் சிறிதாகிப் பறந்தது. பின்னணிப் படம் கை அசைவுக்கு ஏற்ப ஆடியது. தலைசுற்றுகிறது, குமட்டுகிறது என்று பலர் முறையிட்டார்கள். அடுத்த மாதமே வந்த 7.0.3ல், சலனத்தைக் குறைக்கிற தேர்வைத் தட்டினால் அந்தப் பறத்தலுக்குப் பதில் ஒரு படம் மங்கி இன்னொன்று தோன்றும்படி செய்தார்கள். ஒரு மாதத்தில் செய்ய முடிந்ததை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. குமட்டுகிறவர்கள் அந்த அறையில் இருந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் காசாளர் விஷயத்துக்கு இப்படி ஒரு முடிவு வரவில்லை. உலாவியின் செட்டிங்ஸில் வழுக்கலை நிறுத்துகிற கட்டம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திறந்து பார்த்தேன். அந்தப் பகுதி முழுவதும் சாம்பல் நிறத்தில், தொட முடியாமல் கிடந்தது, தலைமையிடத்திலிருந்து பூட்டியிருந்தார்கள். எழுதிக் கேட்டோம். எல்லாக் கிளைகளிலும் ஒரே மாதிரி அனுபவம் கிடைப்பதற்காக அப்படி வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அனுபவம் என்ற சொல்லை நாம் இந்தப் பத்திரிகைகளில் எவ்வளவு கனத்தோடு பயன்படுத்தி வந்திருக்கிறோம்! அவர் மீதியிருந்த பதினோரு மாதமும் கண்ணை மூடி எண்ணிக்கொண்டே வேலை பார்த்தார்.

பூட்டு என்பதால் சொல்கிறேன், உலாவிகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்க முடியாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் - 2022ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள் - எவ்வளவோ ஏச்சு வாங்கிய உலாவி. ஆனால் அதன் நீண்ட தேர்வுப் பட்டியலில் வழுக்கலுக்கு ஒரு கட்டம் இருந்தது. ஃபயர்பாக்ஸ் 2012 ஜூனில் வந்த 13ஆம் பதிப்பில் வழுக்கலை எல்லாருக்கும் இயல்பாக ஆக்கியது. ஆனாலும் அதை நிறுத்துகிற கட்டத்தைச் செட்டிங்ஸிலேயே, கண்ணில் படுகிற இடத்தில் விட்டுவைத்தது. குரோம் 2016 மார்ச்சில் வந்த 49ஆம் பதிப்பில் வழுக்கலைக் கொண்டுவந்தது. நிறுத்த வேண்டுமானால் ஃப்ளாக்ஸ் என்ற ஒரு பக்கத்துக்குப் போக வேண்டும். முகவரிப் பட்டையில் தானாகவே தட்டச்சு செய்துதான் அங்கே போக முடியும். போனால் வாசலிலேயே ஓர் எச்சரிக்கை: இங்கே இருப்பவை பரிசோதனைகள், கைவைத்தால் உங்கள் தகவல்கள் போகலாம், பாதுகாப்புக்குப் பங்கம் வரலாம் என்கிற தொனியில். பக்கம் நகராமல் நிற்க வேண்டும் என்று கேட்கிறவன் தன் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறவனாக அங்கே நிற்கவேண்டியிருக்கிறது.

தேர்வுகளைக் குறைக்க வேண்டும் என்பவர்களின் வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். அது முட்டாள்தனமான வாதம் அல்ல. 2002ல் ஹாவக் பென்னிங்டன், இலவச மென்பொருளின் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி எழுதிய கட்டுரையில், சேர்க்கிற ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்றார். தேர்வுகள் பெருகப் பெருக அவற்றின் சேர்க்கைகளும் பெருகும். எல்லாவற்றையும் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. முடிவெடுக்கத் தைரியமில்லாதவர்கள் முடிவைப் பயனீட்டாளன் தலையில் கட்டிவிடுகிறார்கள். 2013ல், அப்போது மொஸில்லாவில் இருந்த அலெக்ஸ் லிமி இன்னும் காட்டமாக எழுதினார்: தெரியாமல் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் உலாவியே பாழாகிவிடுகிற கட்டங்களை மில்லியன்கணக்கானவர்கள் கையில் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று. அதே வருஷம் ஆகஸ்டில் வந்த ஃபயர்பாக்ஸ் 23ல், படங்களைக் காட்டாமல் இருக்கிற கட்டமும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்துகிற கட்டமும் செட்டிங்ஸிலிருந்து மறைந்தன.

கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியவர்களின் தர்க்கம் இது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது புரிகிறது; படிவத்தில் ஒரு கட்டம் அதிகமானால் வரிசை எவ்வளவு நீளும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒழித்தலில் வழுக்கலின் கட்டம் தப்பியது என்பதையும் கவனிக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் உலாவி ஒன்றும் பாழாவதில்லை. பக்கம் தாவும், அவ்வளவுதான். சோதிப்பதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை, தாவல்தான் பழைய முறை. பென்னிங்டன் சொன்ன விலை இங்கே அநேகமாக இல்லை. இருக்கிற விலையை யாரிடமிருந்து வசூலிப்பது என்பதுதான் பிரச்னை.

இனி பெயர்கள். மொழியோடு உறவு கொண்டாடுகிறவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. 2011ல் ஆப்பிள் தன் கணிப்பொறிகளில் உருட்டலின் திசையைத் தலைகீழாக மாற்றியபோது அதற்கு வைத்த பெயர் 'இயற்கையான' உருட்டல். முப்பது வருஷமாக மற்றவர்கள் செய்துகொண்டிருந்தது என்ன, செயற்கையா? ஸ்மூத் என்ற பெயரும் அப்படித்தான். அதற்கு எதிர்ப்பதம் கரடுமுரடு. தாவலை விரும்புகிறவன் கரடுமுரடை விரும்புகிறவனாகப் பெயராலேயே ஆக்கப்பட்டுவிடுகிறான். வி.டி.100ல் இரண்டுக்கும் பெயர் இருந்தது என்பதை மறுபடி நினைத்துக்கொள்கிறேன். இப்போது ஒன்றுக்குத்தான் பெயர். மற்றது அது இல்லாமை.

இதற்கு மாறாக, ஒரு நல்ல பெயரும் உண்டு. இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கிற சி.எஸ்.எஸ். மொழியில் ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்ட் மோஷன் என்று ஒரு கேள்வி இருக்கிறது. 2017ல் சஃபாரியில் வந்தது; 2018ல் ஃபயர்பாக்ஸிலும் 2019ல் குரோமிலும் வந்தது. பக்கத்தை எழுதுகிறவன் வாசகனின் யந்திரத்தைப் பார்த்து, இவர் சலனம் குறைவாக இருப்பதை விரும்புகிறாரா என்று கேட்கலாம். பதில் இரண்டில் ஒன்று: குறை, அல்லது தனி விருப்பம் இல்லை. இரண்டாவது பதில் என்னைக் கவர்ந்தது. சலனத்தை விரும்புகிறார் என்று அது சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாத நேர்மை அதில் இருக்கிறது. கணிப்பொறி மொழிகளில் இப்படிப்பட்ட நுட்பங்களை எதிர்பார்த்து நான் போகவில்லை.

பக்கத்தை எழுதுகிறவன் வழுக்கலை வேண்டுவதற்கும் அதே மொழியில் ஒரு சொல் உண்டு, ஸ்க்ரோல் பிஹேவியர். பக்கத்தின் உள்ளே ஓர் அத்தியாயத் தலைப்பைத் தட்டினால் தாவிப் போவதா, வழுக்கிப் போவதா என்பதை அவன் எழுதிவைக்கலாம். அந்தப் பண்பை வகுத்த விதிகளிலேயே, உலாவிகள் இதைப் புறக்கணிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியன் கேட்கலாம், வாசகன் பக்கத்து யந்திரம் மறுக்கலாம். ஆசிரியன், பிரதி, வாசகன் என்று நாம் எத்தனை இதழ்களில் எழுதித் தள்ளியிருக்கிறோம். அந்த மூவருக்கும் நடுவே உள்ள பாகப்பிரிவினையை ஒரே வாக்கியத்தில், ஒரு ஆரவாரமும் இல்லாமல் முடித்துவிட்டார்கள்.

நடைமுறை இவ்வளவு சுத்தமாக இல்லை. இணையத்தின் பொது விதிகளை வகுக்கிற டபிள்யூ3சி, ஊனமுற்றவர்களும் பயன்படுத்தும்படி பக்கங்கள் இருக்க 2018ல் வெளியிட்ட நெறிகளில் - 2.1 என்ற பதிப்பு - நாம் ஒன்றைத் தொட்டதால் கிளம்புகிற சலனம் அத்தியாவசியமாக இல்லாவிட்டால் அதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் அதை வைத்திருப்பது மூன்று ஏ என்ற மிக உயர்ந்த படியில். சட்டங்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு ஏ வரைக்கும்தான். மூன்றாம் படியை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுக் கொள்கையாக வைக்கச் சொல்ல மாட்டோம் என்று அந்த நெறிகளே ஒப்புக்கொள்கின்றன. குமட்டாமல் படிப்பது இவ்விதமாக ஓர் உன்னத லட்சியமாகிவிட்டது.

காசாளர் ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகன் விட்டுப்போன பழைய கணிப்பொறி ஒன்று இருந்தது, ஃபயர்பாக்ஸ்தான். செட்டிங்ஸில் அந்தக் கட்டத்தைக் காட்டினேன். அவரே டிக்கை எடுத்தார். ஸ்பேஸ் பாரைத் தட்டினார், பக்கம் போய் நின்றது. இரண்டு மூன்று தடவை தட்டினார். விட்ட வரியை விரலால் தேடிப் பிடித்தார். "இப்ப கண்ணை மூட வேண்டாம்" என்றார். காப்பி வருகிற வரைக்கும் படித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கட்டத்துக்குக் கட்டுப்படாத பக்கங்கள் இருக்கின்றன. தங்கள் சொந்த ஜாவாஸ்கிரிப்டால் சக்கரத்தைப் பறித்துக்கொண்டு, தாங்கள் நினைத்த வேகத்தில் நகர்த்துகிறவை. வரிகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்து நிற்கும், பின்னணி ஒரு வேகத்திலும் எழுத்து ஒரு வேகத்திலுமாகப் போகும். உலாவி செய்தவனோடு ஏற்பட்ட ஒப்பந்தம் இவற்றைக் கட்டுப்படுத்தாது. வாசகன் சலனம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறானா என்று இவை கேட்டிருக்கலாம். கேட்பதற்கு ஒரு வரி போதும், கேட்பதில்லை. அவர் அவற்றோடு போராடுவதில்லை, மூடிவிடுகிறார். போன மாதம் அப்படி மூடியவற்றில் ஒன்று நம் நண்பர் ஒருவரின் புதிய கவிதைகள் வந்திருந்த பக்கம். நன்றாக இருக்கிறதா என்று என்னிடம்தான் கேட்டார்.